கைத்துப்பாக்கியும் உரிமச் சீட்டும்

படைக்கலங்களின் வரலாற்றை எழுதப் புகுவார் பலரும், அவற்றைச் செய்த கொல்லரையும் அவற்றை ஏந்திய தளபதியரையும் பற்றியே எழுதுவர். அப்படைக்கலத்தைத் தொடவும் உரிமையற்றிருந்த மக்கள் அதனால் எவ்வாறு ஆளப்பட்டனர் என எழுதுவார் மிகச் சிலர். மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த நம் மக்களின் வரலாற்றில் கைத்துப்பாக்கிக்குள்ள இடம் இந்த இரண்டாம் வகையைச் சார்ந்தது. அவர்கள் அதனைச் செய்தவர் அல்லர். விலை கொடுத்து வாங்கியவரும் அல்லர். பெரும்பாலோர் கையால் தொட்டதும் இல்லை. ஆயினும் 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில், ஒரு சாண் நீளமுள்ள அந்த இரும்புத் துண்டு அவர்களுடைய தொழிற்சங்கத்தையும் உணவையும் உறக்கத்தையும் தீர்மானித்தது. சிலருடைய உயிரையும் தீர்மானித்தது.

இதனை இப்பொழுது எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. பகுதி பகுதியாகக் கழற்றி மாற்றிப் பொருத்தக்கூடிய நெகிழிக் கைத்துப்பாக்கிகள் அண்மைக் காலத்தில் ஒன்றன்பின் ஒன்றாக வெளிவருகின்றன. எது சிறந்தது, எது மலிவானது, எதன் பிடி கைக்கு இசைவானது என்ற வாதங்கள் உலகெங்கும் நடைபெறுகின்றன. துப்பாக்கி உரிமம் என்பது குதிரைக்கொம்பாக உள்ள நம் நாட்டிலும், கணினி விளையாட்டுகளின் வாயிலாக இப்பெயர்களை எல்லாம் மாணவர்கள் அறிந்து வைத்திருக்கின்றனர். ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன் ‘குளோக்’ என்னும் துப்பாக்கியின் இயல்புகளை எனக்கு விரிவாக விளக்கினான். அவன் முடித்த பின்னர், கணபதி என்ற பெயரைக் கேள்விப்பட்டதுண்டா என வினவினேன். விநாயகர் என்றான். அவன்மீது குறை கூறுவதற்கில்லை. வேறொரு கணபதியைப் பற்றி அவனுக்கு எவரும் சொல்லவில்லை.

‘துப்பாக்கி’ என்னும் சொல்லைப் பற்றித் தமிழாசிரியர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வான்சிறப்பு அதிகாரத்தை நடத்துங்கால் வகுப்பில் எழும் சிரிப்பை நாம் அனைவரும் அறிவோம். அங்கே வருவது உணவாக்கும் மழையைக் கூறும் சொல். இங்கே பேசப்படுவது துருக்கிய மூலத்திலிருந்து பாரசீகம், தெலுங்கு முதலிய மொழிகளின் வழியாக நம்மிடம் வந்ததென மொழியறிஞர் கூறும் சொல். ஒலி ஒன்று, பிறப்பு வேறு. மலாய் மொழியின் ‘செனாப்பாங்’ டச்சுக்காரரிடமிருந்து வந்தது. இந்நிலத்தில் துப்பாக்கிக்கு வழங்கும் பெயர்களுள் பலவும் வெளியிலிருந்து வந்தனவே. கருவியும் அவ்வாறே வந்தது.

நெகிழியோ நமக்கு அயற்பொருள் அன்று. நெகிழி என நாம் வழங்குவது, சிறு மூலக்கூறுகள் சங்கிலிபோல் கோத்து உண்டாகும் பல்லுறுப்பி வகையைச் சார்ந்தது. ரப்பரும் இயற்கை தந்த பல்லுறுப்பியே. விடியுமுன் பிரட்டுக்கு நின்று, பால்மரம் சீவி, வாளி வாளியாக நம் முன்னோர் சுமந்து வந்தது அதனைத்தான். துப்பாக்கிச் சட்டகத்துக்குப் பயன்படுவது வேறொரு வகை. நைலான் இனத்தைச் சார்ந்த, மிகவும் உறுதியான செயற்கைப் பொருள். உருக்கி அச்சில் செலுத்தினால் நொடிப் பொழுதில் வடிவம் கொள்ளும். எஃகைக் கடைந்து செதுக்கும் வேலை மிச்சம்.

இத்தகைய சட்டகத்தோடு முதன்முதலில் தொழிற்சாலை அளவில் வெளிவந்தது மேற்கு செருமானியின் ஹெக்லர் கோக் நிறுவனத்தார் 1970இல் வெளியிட்ட வி.பி. 70 என்பதாகும். அதனை உலகம் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின்னர் ஆஸ்திரிய நாட்டுப் படைக்காக நடந்த தேர்வில், அதுவரை துப்பாக்கியே செய்திராத காஸ்டன் குளோக் என்பவர் வெற்றி பெற்றார். திரைச்சீலைக் கம்பிகளும் கத்திகளும் செய்து வந்தவர் அவர். அவருடைய குளோக் 17 பதினேழு தோட்டாக்கள் கொள்ளும்; தோட்டாக் கூடு இன்றி நிறுத்தால் ஏறத்தாழ 625 கிராம்தான். 1911 முதல் அமெரிக்கப் படையினர் சுமந்த கோல்ட் கைத்துப்பாக்கியோ ஏறத்தாழ 1,100 கிராம். நெகிழித் துப்பாக்கி விமான நிலையச் சோதனைக் கருவிகளுக்கு அகப்படாது என்ற அச்சம் அந்நாளில் பரவியது. அதன் குழலும் மேற்பகுதியும் எஃகாலானவை என்பதால் அவ்வச்சத்துக்கு அடிப்படை இல்லை. எனினும் 1988இல் அமெரிக்காவில் இதற்கென ஒரு சட்டமே இயற்றப்பட்டது.

அடுத்த படி, பிடியை அவரவர் கைக்கு ஏற்ப மாற்றுவது. நம் நாட்டுக் காவல் படையினரின் இடுப்பிலும் காணப்பட்ட வால்தர் பி 99, பிடியின் பின்பகுதியை மட்டும் கழற்றி மாற்றும் வசதியோடு 1990களின் பிற்பகுதியில் வந்தது. 2014இல் வெளிவந்த சிக் சாவர் பி 320 இக்கருத்தை அதன் எல்லைக்கே கொண்டு சென்றது. அதில் துப்பாக்கியின் உயிர்நிலை, விசையும் சுடும் பொறியும் அடங்கிய சிறியதோர் எஃகுக் கூடு மட்டுமே. வரிசை எண் பொறிக்கப்பட்டிருப்பது அக்கூட்டில்தான். பிடி, குழல், முன்னும் பின்னும் நழுவும் மேற்பகுதி ஆகிய யாவும் அக்கூட்டைச் சுற்றி அணியும் சட்டை போன்றவை. சிறிய கையுடையார் சிறிய பிடியைப் பொருத்திக்கொள்ளலாம். தோட்டாவின் அளவையும் மாற்றிக்கொள்ளலாம். 1985இல் பெரெட்டா துப்பாக்கியைத் தேர்ந்திருந்த அமெரிக்கத் தரைப்படை, 2017 சனவரியில் இதனை எம் 17, எம் 18 என்னும் பெயர்களில் ஏற்றது. ஒப்பந்தத்தின் உச்ச மதிப்பு 58 கோடி டாலர். தோற்ற குளோக் நிறுவனம் முறையிட்டது. அம்முறையீடு அவ்வாண்டு சூன் மாதத்தில் தள்ளப்பட்டது.

அதன்பின் போட்டி பெருகியது. பெரெட்டாவின் ஏ.பி.எக்ஸ்., குரோவேசியாவில் செய்யப்பட்டு 2023இல் அமெரிக்கச் சந்தைக்கு வந்த எக்கெலான், குளோக்கின் அமைப்பைத் தழுவி 2024 டிசம்பரில் ருகர் நிறுவனத்தார் வெளியிட்ட ஆர்.எக்ஸ்.எம். ஆகியவை யாவும் எண் பொறித்த கூட்டைத் தனியே கழற்றும் முறையைப் பின்பற்றுவன. இவற்றைப் பற்றி எழுதுவோரின் கருத்துகளைத் தொகுத்துப் பார்த்தால் மூன்று கட்சிகள் தெரிகின்றன. எஃகுக் கட்சியினர், எடை மிகுந்த துப்பாக்கியே சுடும்போது கையில் துள்ளாது, நெகிழிக்குப் பொருண்மை இல்லை என்பர். நெகிழிக் கட்சியினர், நாள் முழுதும் இடுப்பில் சுமப்பவனைக் கேட்டுப் பாருங்கள் என்பர். வியர்வையும் மழையும் ஓயாத நம் நாட்டைப் போன்ற இடத்தில் நெகிழிக்குத் துருப்பிடிக்காது என்பது மெய்யாகவே ஒரு பெருஞ்சிறப்பு. மூன்றாம் கட்சியினர், மாற்றும் வசதி இருந்தாலும் வாங்கியவரில் எத்தனை பேர் உண்மையில் மாற்றுகின்றனர் என வினவுகின்றனர்.

இம்மூன்றாம் கட்சியே சரியானது என்பது என் எண்ணம். பகுதி மாற்றும் முறையின் உண்மையான பயன் தனி மனிதனுக்கு அன்று. ஆயிரக்கணக்கானோருக்கு ஒரே துப்பாக்கியை வழங்கிப் பழுது பார்க்க வேண்டிய படைப் பண்டசாலைக்கே. தனியார்க்கு அது மேலும் மேலும் பொருள் வாங்கத் தூண்டும் வழி. மேலும், புதுமை பாதுகாப்புக்கு ஈடாகாது. பி 320 ஒரு குறிப்பிட்ட கோணத்தில் கீழே விழுந்தால் தானே வெடிக்கக்கூடும் என்பது 2017 ஆகஸ்டில் வெளிப்பட்டு, நிறுவனத்தார் அதனைத் திருத்தித் தர முன்வந்தனர். விசையைத் தொடாமலே வெடித்தது என்று கூறும் வழக்குகள் அதன் பின்னரும் தொடர்ந்தன, நிறுவனம் மறுத்தது, தீர்ப்புகள் ஒருவழிப்பட்டனவாக இல்லை.

இனி நாம் எடுத்துக்கொண்ட பொருளுக்கு வருவோம். பகுதி பகுதியாகக் கழலும் இத்துப்பாக்கி, சட்டத்தின் முன் ஒரு வினாவை எழுப்புகிறது: எந்தப் பகுதி துப்பாக்கி? அமெரிக்கச் சட்டம், எண் பொறித்த கூடுதான் துப்பாக்கி, மற்றவை வெறும் உதிரிகள் என்கிறது. அங்கே பிடியையும் குழலையும் சட்டை வாங்குவதுபோல் வாங்கலாம். மலேசியாவின் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமோ உறுப்பு ஒவ்வொன்றையும் ஆயுதம் என்றே வரையறுக்கிறது. உரிமச் சீட்டு இல்லாதவனிடம் குழல் மட்டும் இருந்தாலும் அவன் ஆயுதம் வைத்திருப்பவனே. இந்தக் கடுமை ஒரு நாளில் தோன்றியதன்று. அது எங்கிருந்து வந்தது என்பதை அறிய, நாம் தோட்டப் புறத்துக்குத்தான் செல்ல வேண்டும்.

போருக்கு முந்திய தோட்டத்தில் துப்பாக்கி என்பது துரையின் பங்களாவில் மாட்டியிருந்த வேட்டைப் பொருள். காட்டுப்பன்றியும் புலியும் அதற்கு இலக்கு. தொழிலாளரை அடக்க நாள்தோறும் துப்பாக்கி தேவைப்படவில்லை. கங்காணியின் பற்றேடும் பிரம்பும் போதுமாயிருந்தன. அவை போதாமற்போன முதற்பெரும் வேளை 1941. கிள்ளான் வட்டாரத்தில் ஆர். எச். நாதன் முதலியோர் முன்னின்ற வேலைநிறுத்தத்தின்போது, துரையைக் கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்ற இழிவை நீக்குவதும் கோரிக்கைகளுள் ஒன்றாக இருந்தது. அரசு படையை அழைத்தது. தொழிலாளர் சிலர் சுட்டுக் கொல்லப்பட்டனர். நாதன் நாடு கடத்தப்பட்டார்.

போர் வந்தது, துப்பாக்கி வெள்ளமாகப் பெருகியது. சப்பானியர் கொண்டுவந்தவை ஒருபுறம். தோல்வியுற்ற பிரிட்டிஷ் படை காட்டில் எறிந்துவிட்டுப் போனவை மறுபுறம். இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்த தோட்டத் தமிழர், தம் வாழ்நாளில் முதன்முறையாகத் துப்பாக்கி ஏந்தி அணிவகுத்தனர். 1943இல் சிங்கப்பூரில் தொடங்கப்பட்ட ஜான்சி ராணிப் படையில், பால் வெட்டிய கைகளைக் கொண்ட பெண்களும் பயிற்சி பெற்றனர். காட்டிலோ, சப்பானியரை எதிர்த்த மலாயா மக்கள் படைக்குப் பிரிட்டிஷாரின் 136ஆம் பிரிவு வானூர்தியிலிருந்து ஆயுதம் இறக்கியது. அவற்றுள் ஸ்டென் துப்பாக்கியும் உண்டு. தகட்டையும் குழாயையும் இணைத்து மிக மலிவாகச் செய்யப்பட்ட அது, நொடியில் சில துண்டுகளாகக் கழன்று ஒரு கோணிப் பைக்குள் அடங்கிவிடும். பகுதி பகுதியாகக் கழலும் துப்பாக்கி என்று இன்று விளம்பரம் செய்யப்படுவதை நம் காடுகள் அன்றே கண்டிருந்தன.

1945 டிசம்பரில் அப்படை கலைக்கப்பட்டபோது, ஆயுதத்தை ஒப்படைத்த ஒவ்வொருவருக்கும் 350 வெள்ளி வழங்கப்பட்டது. பலர் ஒப்படைத்தனர். எண்ணெய் பூசிப் பெட்டியிலிட்டுக் காட்டுக்குள் புதைக்கப்பட்டவையும் இருந்தன. போர்க்காலத்தில் வீரத்துக்குரியதாகப் பாராட்டப்பட்ட அதே சுழல் துப்பாக்கி, ஒரு கையொப்பத்தால் குற்றப் பொருளாயிற்று. இரும்பு மாறவில்லை.

1948 சூன் 16ஆம் நாள் பேராக்கின் சுங்கை சிப்புட்டில் ஐரோப்பியத் தோட்டக்காரர் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். இரண்டு நாள்களில் நாடு முழுமைக்கும் அவசரகாலம் விரிந்தது. அதற்குச் சில நாள் முன்னரே, புதிய தொழிற்சங்கச் சட்டத்திருத்தத்தால் அகில மலாயாத் தொழிற்சங்க சம்மேளனம் சட்டத்துக்குப் புறம்பானதாக்கப்பட்டிருந்தது என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். அவசரகால விதிகள் பிறந்தன. உரிமமின்றித் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பார்க்குத் தூக்கு என்பது அவற்றுள் ஒன்று. சுட்டதற்கு அன்று, வைத்திருந்ததற்கே தூக்கு.

மந்தின் வட்டாரத்தை அறிந்தவர்க்கு அக்காலத்தை எண்ணிப் பார்ப்பது எளிது. சிரம்பானிலிருந்து காஜாங் நோக்கிச் செல்லும் பழைய சாலை, மலையேறி வளைந்து வளைந்து இறங்கும் இடத்தில் மந்தின் இருக்கிறது. ஈயம் தோண்டிய ஹக்கா சீனரின் குடியிருப்பு ஒருபால். ரப்பர்த் தோட்டங்கள் மறுபால். இரண்டுக்கும் பின்னால் காடு. லெங்கெங், பஜாம், நீலாய் என எத்திசையில் சென்றாலும் இதுவே காட்சி. பால்மரக் காடு முடியும் நிரையும் பெருங்காடு தொடங்கும் நிரையும் அடுத்தடுத்து இருந்த இவ்வூர்களில், விடியலின் அரையிருளில் தனியே மரம் சீவச் செல்பவளுக்கு இருபுறமும் அச்சம். காட்டிலிருந்து வருபவன் அரிசி கேட்பான். கொடுத்தால் அரசின் குற்றவாளி, மறுத்தால் அவன் கையில் இருப்பது துப்பாக்கி.

துரைமார் இடுப்பில் கைத்துப்பாக்கியோடு பிரட்டுக்கு வந்தனர். இரும்புத் தகடு அடித்த வண்டிகளில் தோட்டம் சுற்றினர். தோட்டந்தோறும் ஸ்பெஷல் கான்ஸ்டபிள்கள் நிறுத்தப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் மலாய்க்கார இளைஞர். சிதறிக் கிடந்த லயங்கள் ஒன்றுசேர்க்கப்பட்டு முள்வேலிக்குள் வந்தன. அரிசி அளந்து கொடுக்கப்பட்டது. வாசலில் சோதனை நடந்தது. கடையில் வாங்கிய தகர டப்பா, காட்டுக்குள் சேமித்து வைக்க இயலாதபடி துளையிட்டே தரப்பட்டது. வேலிக்கு உள்ளே நின்றவன் கையில் ஒன்று, வெளியே ஒளிந்தவன் கையில் ஒன்று என இரண்டு துப்பாக்கிகளுக்கு இடையே பால் வெட்டு நின்றுவிடாமல் நடந்தது. கொரியப் போர் மூண்டு ரப்பர் விலை உச்சிக்கு ஏறிய ஆண்டுகளும் இவையே என்பதை மறந்துவிடலாகாது.

கணபதியின் கதை இப்பின்னணியில் வைத்து அறியத்தக்கது. எஸ். ஏ. கணபதி தஞ்சை மாவட்டத் தம்பிக்கோட்டையைச் சேர்ந்தவர். இந்திய தேசிய இராணுவத்தில் பணியாற்றியவர். அகில மலாயாத் தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவராக விளங்கியவர். சீனரும் தமிழரும் மலாய்க்காரரும் ஒரே சங்கத்தின்கீழ் ஊதியம் கேட்டு நின்ற அந்தச் சிறிய காலத்தின் தலைவர் ஒரு தமிழர் என்பது இன்று நம்மவர்க்கே வியப்பாக இருக்கும். 1949 மார்ச்சுத் தொடக்கத்தில் ரவாங் அருகே ஒரு தோட்டத்தில் அவர் பிடிபட்டார். அவரிடம் ஒரு சுழல் துப்பாக்கியும் ஆறு தோட்டாக்களும் இருந்தன என்பது குற்றச்சாட்டு. அத்துப்பாக்கியைத் தாம் கண்டெடுத்துக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சென்று கொண்டிருந்ததாக அவர் கூறினார். நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. மார்ச்சு 15ஆம் நாள் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது.

அவர் கூற்று மெய்யா, பொய்யா என்று இன்று நாம் தீர்ப்புச் சொல்லப் புகுவது வீண். அவ்விதியின்முன் அவ்வேறுபாட்டுக்கு எவ்வளவு குறைந்த எடை இருந்தது என்பதே கருதத்தக்கது. அத்துப்பாக்கியால் எவரையும் சுட்டதாக அவர்மீது குற்றம் சாட்டப்படவில்லை. அது எந்த நாட்டுச் செய்பொருள், எத்தனை ஆண்டுப் பழமையானது, சுடும் நிலையில் இருந்ததா என்பவையும் அவரைக் காக்கப் போதியவை அல்ல. அது அவரிடம் இருந்தது, சீட்டு இல்லை. அவ்வளவே. புதிதாக விடுதலை பெற்றிருந்த இந்தியாவின் அரசு தண்டனையைக் குறைக்குமாறு வேண்டியது. மலாயா ஆட்சியாளர் இணங்கவில்லை. தீர்ப்பு வந்த ஏழே வாரத்தில், 1949 மே 4ஆம் நாள், கோலாலம்பூர் புடு சிறையில் கணபதி தூக்கிலிடப்பட்டார். அதற்கு முந்திய நாள்தான் அவருடைய தோழரும் தொழிற்சங்கத் தலைவருமான வீரசேனன், நம் நெகிரி செம்பிலான் மாநிலத்திலேயே பாதுகாப்புப் படையினரால் சுட்டுக் கொல்லப்பட்டார். இரண்டு நாள்களில் இருவர். ஒருவரைத் துப்பாக்கி கொன்றது. மற்றவரைத் துப்பாக்கி பற்றிய விதி கொன்றது. தமிழ்நாட்டில் எழுந்த துயரக் குரல் இங்குள்ள தோட்டங்களை எவ்வளவு எட்டியது என்பது ஐயமே. அன்று கூட்டம் கூடவும் அனுமதி வேண்டும்.

இதே காலத்தில், இதே விதியின்கீழ், மற்றொரு தமிழரும் தூக்குமேடை வாயிலில் நின்றார். அவர் பெயர் சாம்பசிவம். அவருடைய வழக்கைச் சட்டம் பயில்வோர் உலகெங்கும் அறிவர். தமிழ் பயில்வோர் அறியார். 1948 செப்டம்பர் 13ஆம் நாள் ஜொகூரில் நடந்த ஒரு கைகலப்பில் காயமுற்றுப் பிடிபட்ட அவர்மீது இரண்டு குற்றச்சாட்டுகள் வைக்கப்பட்டன. .38 அளவுச் சுழல் துப்பாக்கி ஒன்றை வைத்திருந்தது ஒன்று. பத்துத் தோட்டாக்களை வைத்திருந்தது மற்றொன்று. அந்நாளில் நடுவர் குழு இல்லை. நீதிபதியோடு மதிப்பீட்டாளர் இருவர் அமர்ந்து கருத்துரைப்பர். தோட்டாக் குற்றச்சாட்டில் சாம்பசிவம் விடுவிக்கப்பட்டார். துப்பாக்கிக் குற்றச்சாட்டில் மதிப்பீட்டாளரின் கருத்துக்கு நீதிபதி உடன்படாமையால் மறுவிசாரணைக்கு ஆணையிடப்பட்டது. மறுவிசாரணையில் குற்றவாளி எனத் தீர்க்கப்பட்டு அவருக்குத் தூக்கு விதிக்கப்பட்டது.

மறுவிசாரணையில் அவருக்கு எதிராக நின்ற முக்கியச் சான்று, அவர் அளித்ததாகக் கூறப்பட்ட ஒரு வாக்குமூலம். துப்பாக்கி, தோட்டா ஆகிய இரண்டையும் தாம் வைத்திருந்ததாக அதில் ஒப்புக்கொண்டிருந்தார். ஆனால் தோட்டா அவருடையதன்று என்று நீதிமன்றமே முன்னர் முடிவு செய்திருந்தது! இச்செய்தி புதிய மதிப்பீட்டாளருக்குச் சொல்லப்படவில்லை. வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சிலுக்குச் சென்றது. விடுதலை என்பது வெறுமனே தண்டனையிலிருந்து தப்புவதன்று. அத்தரப்பாரிடையே அதன்பின் நிகழும் நடவடிக்கைகள் அனைத்திலும் அது உண்மையெனவே கொள்ளப்பட வேண்டும் என்ற நெறியை மக்டெர்மாட் பிரபு தம் தீர்ப்பில் நிறுவினார். 1950இல் சாம்பசிவத்தின் தண்டனை நீக்கப்பட்டது. பொதுச் சட்ட முறையைப் பின்பற்றும் நாடுகளின் நீதிமன்றங்கள் இத்தீர்ப்பை இன்றும் எடுத்தாள்கின்றன.

சாம்பசிவம் பிழைத்தது ஒரு பொருளை இரண்டாகப் பிரித்துப் பார்த்ததால். துப்பாக்கி தனி, தோட்டா தனி என வழக்குத் தொடுத்தவரே பிரித்தனர். அப்பிரிவு அவர்களுக்கே வினையாயிற்று. கணபதிக்கு அப்படியொரு இடுக்கு வாய்க்கவில்லை, காலமும் வாய்க்கவில்லை. மேல்முறையீட்டுக்கு இலண்டன் வரை செல்லக் கப்பலில் தாள்கள் போய்வரும் நாள்களே ஏழு வாரத்தை விழுங்கிவிடும். துப்பாக்கியின் பகுதிகளைப் பற்றிய வாதம் இன்று கடைக்காரருக்கும் விளையாட்டுப் பிள்ளைகளுக்கும் பொழுதுபோக்கு. அன்று அதுவே ஒருவன் கழுத்துக்கும் கயிற்றுக்கும் இடைப்பட்ட தூரம்.

இதனால் காட்டிலிருந்தவர்களின் துப்பாக்கி நியாயமானது என்று நான் கூறுவதாக எவரும் கொள்ள வேண்டா. அத்துப்பாக்கியால் மடிந்தவருள் தோட்டத் தொழிலாளரும் கங்காணிகளும் உண்டு. காட்டிக் கொடுத்தவர் என்ற ஐயம் ஒன்றே போதுமாயிருந்தது. உரிமச் சீட்டில்லாத துப்பாக்கி எளியவனைக் காக்கும் என்ற கற்பனை வெறும் கற்பனையே. ஆனால் சீட்டுள்ள துப்பாக்கியும் அவனைக் காக்கவென்று வைக்கப்பட்டதன்று; அது துரையையும் ரப்பரையும் காத்தது. காவலுக்கு நின்ற கான்ஸ்டபிள் முதலில் சோதித்தது தொழிலாளியின் தூக்குச்சட்டியைத்தான்.

அவசரகாலம் 1960 சூலை 31இல் முடிந்தது. மறுநாளே உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதன் 57ஆம் பிரிவு, பாதுகாப்பு வட்டாரத்தில் உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருத்தலுக்குத் தூக்கை அப்படியே தொடர்ந்தது. கணபதியைக் கொன்ற விதி விடுதலை பெற்ற நாட்டிலும் வேறு உடையில் வாழ்ந்தது எனலாம். அவ்வாண்டே ஆயுதச் சட்டம் வந்தது. உரிமம் வழங்கும் அதிகாரம் மாநிலக் காவல்துறைத் தலைவரிடம் இருந்தது. கொள்ளையர் துப்பாக்கியைக் கண்டு நகரங்கள் அஞ்சிய நாள்களில், 1971இல், துப்பாக்கிக் குற்றங்களுக்குத் தண்டனையை உயர்த்தும் மற்றொரு சட்டம் இயற்றப்பட்டது. கொள்ளை முதலிய குற்றங்களைச் செய்யும்போது துப்பாக்கியால் சுட்டால், எவர்மீதும் படாவிடினும், தூக்கு அதில் கட்டாயமாக்கப்பட்டது. இக்கடுமையால் நம் நாட்டில் துப்பாக்கி அரிதாயிற்று என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பள்ளி வாயிலில் துப்பாக்கிச் சூடு என்ற செய்தி அமெரிக்காவிலிருந்து வரும்போதெல்லாம் ஆசிரியன் என்ற முறையில் நான் அதனை எண்ணாமல் இருப்பதில்லை. உயிரைப் பறிக்காமலே அதே பயனைப் பெற்றிருக்க இயலாதா என்ற வினாவும் உடன் எழுகிறது.

உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் 2012இல் நீக்கப்பட்டது. கணபதி தூக்கிலிடப்பட்ட புடு சிறையின் கட்டடங்களும் அவ்வாண்டு இறுதியில் முற்றாக இடிக்கப்பட்டன. அதன் பழைய வாயில் மட்டும் எஞ்ச, அவ்விடத்தில் 2022இல் ஒரு பெரிய வணிக வளாகம் திறக்கப்பட்டது. 2023 சூலை 4ஆம் நாள் முதல் கட்டாயத் தூக்குத் தண்டனை நாட்டின் சட்டங்களிலிருந்து அகற்றப்பட்டது. 1971 சட்டத்தின்கீழ் சுட்டவனுக்குங்கூட, தூக்கா, 30 முதல் 40 ஆண்டுச் சிறையும் பிரம்படியுமா என்பதை இப்போது நீதிபதி ஆராய்ந்து முடிவு செய்யலாம். உரிமமின்றி ஒரு சுழல் துப்பாக்கியை வைத்திருந்தது மட்டுமே குற்றமாயின், அச்சட்டத்தின் 8ஆம் பிரிவு விதிக்கும் உச்சத் தண்டனை 14 ஆண்டுச் சிறையும், ஆறுக்குக் குறையாத பிரம்படியும் ஆகும்.